மெய்ப்பாடும் வெண்திரையும்

பழைய தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு தீர்ப்பு முந்திக்கொண்டு வந்து நிற்கும். உரத்த குரல், உருட்டிய விழி, மூச்சு விடாத வசனம், அக்காலத்து நடிப்பு என்பது இவ்வளவே என்பது அத்தீர்ப்பு. படித்தவர்களும் இதை எளிதில் சொல்லிவிடுகின்றனர். பள்ளி விழாக்களில் பராசக்தி நீதிமன்ற வசனத்தை ஒப்பித்த மாணவர் தலைமுறைகள் பல உண்டு. அவர்களுட் பெரும்பாலோர் பற்றிக்கொண்டது குரலின் ஏற்றத்தை மட்டுமே. ஒரு காலத்தின் நடிப்பு முழுவதையும் அந்த ஏற்றத்தை வைத்தே அளந்துவிடுதல் முறையாகுமா என்பது ஆராயத்தக்கது.

உரத்த குரலுக்குக் காரணம் உண்டு. 1930-களிலும் 1940-களிலும் திரைக்கு வந்த நடிகர் பலர், பாய்ஸ் கம்பெனி என வழங்கிய சிறுவர் நாடகக் குழுக்களில் வளர்ந்தவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போன்ற ஆசிரியர்கள் அக்குழுக்களிற் சிறுவர்களுக்குப் பாட்டையும் வசனத்தையும் நெட்டுருச் செய்வித்தனர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் இருப்பவன் காதுக்கும் சொல் சென்று சேரவேண்டும். தொலைவில் இருப்பவன் கண்ணுக்கும் கையசைவு விளங்கவேண்டும். அங்கே உரத்த குரல் தொழிலின் தேவை. முகத்துக்கு நான்கடி எதிரே படக்கருவி வந்து நின்றபோதும் அப்பழக்கம் உடனே போய்விடவில்லை. ஆயினும், பழக்கத்தால் ஓங்கிய குரல் வேறு. உள்ளத்தில் ஒன்றும் இல்லாமையால் ஓங்கிய குரல் வேறு. முன்னதைக் குறை என்று சொல்லலாம், பின்னதே பொய்.

இவ்விரண்டையும் பிரித்தறியத் தமிழில் ஓர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலே அது. உள்ளத்தில் நிகழும் உணர்வு கண்ணீர், மயிர்ச்சிலிர்ப்பு முதலியவற்றால் உடம்பின்வழிப் புறத்தார்க்குப் புலனாவதே மெய்ப்பாடு என்பது உரையாசிரியர்கள் தரும் விளக்கத்தின் சாரம். நகையும் அழுகையும் உள்ளிட்ட எட்டினை ஆசிரியர் கூறுவதோடு நில்லாமல், ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கினையும் வகுத்துச் சொல்கிறார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை என நான்கு. ஆகவே அழுகின்ற முகத்தைக் காட்டுதல் மட்டும் போதாது. எதனால் வந்த அழுகை என்பதும் அம்முகத்தில் தெரியவேண்டும். பிள்ளையை இழந்தவளும் பிழைப்பை இழந்தவனும் ஒரே வகையாக அழுதால், இருவருள் ஒருவரேனும் நடிக்கவில்லை என்று கொள்ளலாம்.

சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், அரங்கேற்று காதை உரையில் இருபத்து நான்கு வகை அவிநயங்களைக் காட்டுகிறார். வெகுண்டவன், ஐயமுற்றவன், சோம்பியவன், தலைநோவுற்றவன், நஞ்சுண்டவன் என நீளும் வரிசை அது. ஒவ்வொருவனும் எவ்வாறு தோன்றுவான் என்பதற்கு அங்கே இலக்கணம் உண்டு. அது புறத்தே இருந்து உருவைப் பிடிக்கும் முறை. மெய்ப்பாட்டியலோ அகத்தே இருந்து புறத்துக்கு வரும் முறை. நல்ல நடிகனுக்கு இரண்டும் வேண்டும். எனினும் முன்னதைப் பயிற்சியால் அடைந்துவிடலாம். பின்னது அவ்வளவு எளிதில் வாய்ப்பதன்று. ஈழத்து விபுலானந்த அடிகள் 1926-இல் வெளிவந்த மதங்க சூளாமணியில் தமிழ் நாடக இலக்கணத்தைக் கொண்டு சேக்சுபியர் நாடகங்களையே நோக்கினார். ஆங்கில நாடகத்துக்குப் பொருந்திய அளவுகோல் தமிழ்ப் படத்துக்குப் பொருந்தாமற் போகாது.

வறுமையால் வரும் அழுகைக்கு ஓர் எடுத்துக்காட்டு, 1955-இல் ப. நீலகண்டன் இயக்கத்தில் வந்த முதல் தேதி. சிவாஜி கணேசன் என்றதும் கட்டபொம்மனையும் கர்ணனையும் நினைப்பவர்களுள் இப்படத்தைப் பார்த்தவர் மிகச் சிலரே. பாங்கு எழுத்தர் ஒருவர். மனைவி மக்களோடு சம்பள நாளை எண்ணி எண்ணி வாழ்பவர். பாங்கு முறிந்து வேலை போகிறது. தாம் செத்தால் காப்புறுதிப் பணமாவது குடும்பத்துக்குக் கிடைக்குமே என்னும் அளவுக்கு அவர் எண்ணம் போகிறது. இவ்வேடத்தை ஏற்றபோது கணேசனுக்கு வயது இருபத்தாறு. பராசக்தி வெளிவந்து மூன்றாண்டுகூட நிறையவில்லை. காதற் படங்களில் தலைவனாக ஓடியாடவேண்டிய வயதில் நரைத்த தலையோடு தந்தையாக வந்தார் என்பதைப் பலர் வியந்து சொல்வர். நரை ஒப்பனைக்காரர் தந்தது. அதில் வியக்க ஒன்றுமில்லை. அவர் தோளில் ஏற்றிக்கொண்ட சுமையே காணத்தக்கது. வேலை போனதை வீட்டாரிடம் சொல்ல நாணும் மனிதனுக்கு இளிவும் வறுமையும் ஒருங்கே வருகின்றன. அவ்விரண்டையும் காட்டக் கட்டபொம்மன் குரல் உதவாது என்று அவர் அறிந்திருந்தார். சம்பள நாளின் மகிழ்ச்சியும் அதற்கு முந்திய வாரத்தின் இடுக்கணும் அறிந்த வீட்டாருக்கு இப்படம் அயலாகத் தோன்றாது. பின்னாளில் அவரைப் பின்பற்றியவர்கள் எடுத்துக்கொண்டது கட்டபொம்மனையே. முதல் தேதியின் எழுத்தரை எடுத்துக்கொண்டவர் அரியர். அவரை மிகை நடிகர் என்று தள்ளுபவர்களும் இவ்வெழுத்தரைக் காணாதவர்களே.

மருட்கை என்னும் மெய்ப்பாட்டுக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன். இவற்றுள் பெருமையைக் கண்டு மனிதன் திகைத்து நிற்கும் நிலையை நடித்துக் காட்டுதல் அரிது. 1950-இல் பட்சிராஜா நிறுவனத்தார்க்காகக் கே. ராம்நாத் இயக்கிய ஏழை படும் பாடு, பிரெஞ்சு ஆசிரியர் விக்தர் யூகோவின் பெருங்கதையைத் தழுவியது. அக்கதையைத் தமிழுக்குத் தந்தவர் சுத்தானந்த பாரதியார். சிறை மீண்ட கள்வனாக வருபவர் சித்தூர் வி. நாகையா. தமக்கு இடம் தந்த பெரியவரின் வெள்ளிப் பொருள்களையே திருடிக்கொண்டு ஓடுகிறான் அவன். காவலர் பிடித்துக்கொண்டு வருகின்றனர். பெரியவரோ, அவை தாம் கொடுத்தவை என்று சொல்லி விடுகிறார். அடியையும் சிறையையும் எதிர்பார்த்து நின்றவன்மீது அருள் வந்து விழுகிறது. அந்நேரத்தில் நாகையா அழுது புரண்டிருக்கலாம். அக்காலத்து ரசிகர் அதையும் பொறுத்திருப்பர். அவர் கொண்டது திகைப்பின் வழி. தாய்மொழி தெலுங்காகிய அவர் தமிழை மெல்ல மெல்ல, ஒவ்வொரு சொல்லையும் எடை பார்ப்பவர்போலப் பேசுவார். வேறு வேடங்களில் அது குறையாகத் தோன்றலாம். பல்லாண்டு சிறையிற் கிடந்து பேச்சையே மறந்துபோன மனிதனுக்கு அது பொருந்திவிட்டது. எதிரே இரக்கமற்ற காவல் அதிகாரியாக வந்த சீதாராமனுக்கு அவ்வேடத்தின் பெயரே பட்டமாய் ஒட்டிக்கொள்ள, அவர் வாழ்நாள் முழுதும் ஜாவர் சீதாராமன் எனவே வழங்கப்பட்டார். நாகையாவின் பெயரோ இன்று முதியோர் பேச்சில் மட்டுமே வருகிறது.

அதே ஜாவர் சீதாராமன் கதை வசனம் எழுதித் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்த படம் அந்த நாள். 1954-இல் ஏவி. எம். நிறுவனத்தார் வெளியிட்டது, இயக்கியவர் பின்னாளில் வீணைக் கலைஞராய்ப் பெரும்புகழ் பெற்ற எஸ். பாலசந்தர். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, சண்டை இல்லை. இதனாலேயே திரைப்பட வரலாறு எழுதுவோர் யாவரும் இதனைக் குறிப்பிடுவர். இதனாலேயே அக்காலத்து மக்கள் இதனைக் கைவிட்டனர். பெயரைக் கேட்டவர் பலர், முழுதும் பார்த்தவர் சிலர் என்னும் வகையைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சென்னை; 1943-ஆம் ஆண்டு. வானொலி எஞ்சினியர் ராஜன் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். வீட்டாரும் அண்டை வீட்டாரும் ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் கதையைச் சொல்லி, ஒருவர்மேல் ஒருவர் ஐயத்தைத் திருப்புகின்றனர்.

ராஜனாக நடித்த சிவாஜி கணேசனின் நடிப்பைப் பலர் எழுதியுள்ளனர். அவன் மனைவி உஷாவாக வரும் பண்டரிபாயைப் பற்றி எழுதியவர் குறைவு. படத்தின் பெரும்பகுதியில் அவள் கணவனை இழந்த பெண்ணாகத் தோன்றுகிறாள். இழவினால் வந்த அழுகை என்று காண்போர் அமைதியடைகின்றனர். இறுதியில் உண்மை வெளிப்படுகிறது. கணவன் நாட்டின் மறைபொருளைச் சப்பானியருக்கு விற்பவன் என்று அறிந்து துப்பாக்கியை எடுத்தவள் அவளே. இவ்வளவும் தெரிந்தபின் படத்தை இரண்டாம் முறை பார்ப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. முதலிற் கண்ட அதே முகத்தில், அதே தாழ்ந்த பார்வையில், இழவும் இருக்கிறது. அதனினும் கொடிய வேறொன்றும் இருக்கிறது. முதன்முறை பார்ப்போரை ஏமாற்றாமலும், இரண்டாம் முறை பார்ப்போரிடம் பொய்யாகாமலும் ஒரே முகத்தை வைத்திருத்தல் எளிய செயலன்று. உரக்க அழுதிருந்தால் இரண்டாம் முறை பொய்யாகியிருக்கும். கல்லாய் நின்றிருந்தால் முதல் முறையே வெளிப்பட்டிருக்கும். நாட்டுப்பற்றுடைய மாணவியாய் அவனைக் காதலித்த நாள்களைக் காட்டும் பகுதியில் அவர் வேறொரு பெண்ணாகவே ஒளிர்கிறார்.

இத்தகைய நடிகைக்குத் தமிழ்த் திரையுலகம் அளித்தது என்ன? 1952-இல் பராசக்தியில் கணேசனுக்கு இணையாக வந்தவர், 1960-களில் தலைவர்களுக்குத் தாயாக வரத் தொடங்கிவிட்டார். 1968-இல் வந்த குடியிருந்த கோயிலில் எம். ஜி. ஆருக்குத் தாய் அவரே. விளக்கேற்றி வைத்துக் கண்ணீர் வடிக்கும் தாய் வேடங்களைக் கொண்டே பின்வந்த தலைமுறை அவரை அறிந்தது. அவ்வேடங்களிலும் அவர் குறை வைக்கவில்லை. ஆனால் உஷாவுக்கு நிகரான வேடம் வாய்க்கவில்லை.

சிறு வேடங்களின் செய்தி இன்னும் இரங்கத்தக்கது. ம. பொ. சிவஞானம் எழுதிய நூலை அடியாகக்கொண்டு பி. ஆர். பந்துலு 1961-இல் எடுத்த கப்பலோட்டிய தமிழன் அன்று பொருள் இழப்பைத் தந்த படம். பின்னர் அதற்குப் புகழ் வந்தது; அப்புகழ் சிதம்பரனாராக நடித்தவரைச் சேர்ந்தது; பாரதியாராக வந்த எஸ். வி. சுப்பையாவுக்கும் பங்கு கிடைத்தது. சுப்பிரமணிய சிவாவாக வந்த தி. க. சண்முகத்தை எத்தனை பேர் நினைக்கின்றனர்? 1912-இல் சிறையினின்று வெளிவரும் சிதம்பரனாரை வரவேற்கக் கூட்டமில்லை. நோயால் உருக்குலைந்த ஒருவர் மட்டும் நிற்கிறார். அவர் யாரெனச் சிதம்பரனாருக்கே முதலில் தெரியவில்லை. இளிவரல் என்னும் மெய்ப்பாட்டுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு நிலைக்களன் சொல்வர். பிணியால் வந்த இளிவரலை உடம்பு காட்ட, தறுகண்ணால் வந்த பெருமிதத்தைக் குரல் காட்டவேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் சண்முகம் காட்டினார். ஈண்டு கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அவர் சங்கரதாஸ் சுவாமிகளின் சிறுவர் குழுவிலேயே பயின்றவர். ஔவையாராக மேடையில் நடித்ததனால் அவ்வை சண்முகம் எனப் பெயர் பெற்றவர். மேடையில் வளர்ந்தவர்க்கு அடங்கிய நடிப்பு வாராது என்போர் இக்காட்சி ஒன்றைக் காண்பது நன்று.

நகைச்சுவை நடிகர் அழுதால் ரசிகர் அதனையும் சிரித்துக்கொண்டே பார்ப்பர் என்னும் அச்சம் படமெடுப்போர்க்கு எப்பொழுதும் உண்டு. ஜெயகாந்தனுக்கு அவ்வச்சம் இருக்கவில்லை. சேரி மக்களின் வாழ்வைச் சொல்லும் தம் கதையாகிய உன்னைப்போல் ஒருவனைத் தாமே இயக்கி 1965-இல் வெளியிட்டவர் அவர். அரசின் தகுதிச் சான்று கிடைத்தும் அப்படம் கொட்டகைகளுக்குப் பரவலாகச் செல்லவில்லை. அடுத்த ஆண்டு யாருக்காக அழுதான் படத்தில் நாகேஷை ஜோசப் ஆக்கினார். சர்வர் சுந்தரமும் திருவிளையாடல் தருமியும் வந்து நாடே சிரித்துக்கொண்டிருந்த நேரம் அது. தங்கும் விடுதி ஒன்றில் எடுபிடி வேலை செய்பவன் ஜோசப். பணக்காரர் ஒருவரின் பணம் காணாமற்போகப் பழி இவன்மேல் விழுகிறது. அடிக்கின்றனர்; இவன் வாய் திறக்கவில்லை.

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. ஜோசப்பிடம் பேதைமையும் உண்டு. பிறர் எள்ளுதற்கு இடமும் உண்டு. சுந்தரத்தைச் சிரிப்புக்கு உரியவனாக்கிய அதே ஒல்லி உடம்பும் மிரண்ட கண்ணும் இங்கேயும் இருக்கின்றன. நாகேஷ் அவற்றுள் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அவற்றை ரசிகர்முன் அப்படியே வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். சிரிக்க வந்தவன் தான் எதைக் கண்டு இத்தனை நாள் சிரித்தோம் என்று கூசும்படி அமைந்தது அவ்விருப்பு. அழுகை தன்கண் தோன்றுவதும் உண்டு, பிறன்கண் தோன்றுவதும் உண்டு என்று உரையாசிரியர் வகுத்தனர். அதாவது தன் துன்பத்துக்கு அழுதலும் பிறர் துன்பத்துக்கு அழுதலும். கதையின் தலைப்பே அவ்வினாவைத்தான் கேட்கிறது. உரை நூல்களில் இவ்விடத்தைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர்க்கு இதைவிடப் பொருத்தமான காட்டு கிடைப்பது அரிது.

இத்தகைய படங்கள் மறைந்து நிற்பதற்குக் காரணம் என்ன? சரக்கு நன்றாயிருந்தால் உலகம் கைவிடாது என்பர். திரைப்படத்தில் அது உண்மையன்று. ஒரு தமிழ்ப் படத்தின் பெயரைத் தலைமுறை தாண்டிச் சுமந்து செல்வது பாட்டு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வானொலி அப்பணியைச் செய்தது. படத்தைக் காணாதவனும் பாட்டைக் கேட்டுப் பெயரை அறிந்துகொண்டான். தோட்டங்களில் திடலிற் கட்டிய வெண்திரையில் ஓரிரவு ஓடிய படம் மறுநாள் போய்விடும். பாட்டு மட்டும் தங்கிவிடும். நடிப்புக்கு அத்தகைய ஊர்தி இல்லை. பாட்டே இல்லாத அந்த நாளும், பாட்டுக்காக எடுக்கப்படாத ஜெயகாந்தன் படங்களும் நினைவிலிருந்து நழுவியது இவ்வாறே. புகழ்பெற்ற பாட்டுகளுடைய பல படங்களில் நடிப்பு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

பார்ப்போரிடத்தும் ஒரு கடமை உண்டு. கண்ணாலும் காதாலும் நுண்ணிதின் உணரும் ஆற்றல் உடையவர்க்கே மெய்ப்பாடு விளங்கும். ஏனையோர்க்கு அது எண்ணுதற்கும் அரிது என்னும் கருத்தைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலின் முடிவில் வைத்திருக்கிறார். நடிப்பவனைப் பற்றிய இலக்கணத்தைக் காண்பவனைப் பற்றிய இலக்கணமாக முடித்தது கருத்தூன்றத்தக்கது. அவ்வாற்றலைப் பழக்கிக்கொள்ள வழிகள் உண்டு. பேசுகின்றவனை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவன் முகத்தைப் பார்ப்பது ஒன்று. வசனம் எழுதியவரின் திறம் பேசுபவனைத் தாங்கிப் பிடிக்கும். கேட்பவனுக்கு அத்துணை இல்லை. ஒலியை அடக்கிவிட்டு ஒரு காட்சியைப் பார்த்து, என்ன நிகழ்கிறது, எந்த மெய்ப்பாடு, அதற்குரிய நான்கு நிலைக்களனில் எது என்று மாணவரை எழுதச் சொல்வது மற்றொன்று. இலக்கண வகுப்பில் எட்டையும் முப்பத்திரண்டையும் மனப்பாடம் செய்து திணறும் பிள்ளைகளும் இதனை விளையாட்டாகவே செய்துவிடுவர்.

ஆனால் பார்ப்பதற்குப் படம் இருக்கவேண்டும். 1950-களின் தொடக்கம் வரையில் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் வேதிப்பொருளால் ஆனவை. சூட்டிலும் ஈரத்திலும் தாமே கெட்டும் போயின. ஓடி முடிந்த படிகளை வெள்ளி பிரித்தெடுப்போர்க்கு விற்றுவிடும் வழக்கமும் இருந்தது. பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் அமைந்தது 1964-இல்தான். அதற்குள் போனவை பல. முதல் தமிழ்ப் பேசும்படமாகிய காளிதாஸ் (1931) இன்று இல்லை. முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் ஆகிய நாடக நூல்கள் தம் காலத்திலேயே முழுமையாகக் கிடைக்கவில்லை என்று அடியார்க்கு நல்லார் வருந்தியது பழங்கதை என்று எண்ணியிருந்தோர் முன்னே, நாடகத் தமிழ் மீண்டும் ஒருமுறை அதே வகையில் அழிந்திருக்கிறது.

1938-இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய சேவாசதனம், எம். எஸ். சுப்புலட்சுமி முதன்முதல் நடித்த படம். இளம்பெண்ணை மணந்த முதிய கணவனாக அதில் வந்தவர் எப். ஜி. நடேச ஐயர்; இரயில்வே அலுவலராக இருந்துகொண்டே திருச்சிராப்பள்ளியில் நாடகம் வளர்த்தவர். பார்த்தவர்கள் அவர் நடிப்பைப் புகழ்ந்து எழுதிவைத்த சொற்கள் இருக்கின்றன. படத்தின் படி ஒன்றேனும் இருப்பதாகச் செய்தி இல்லை.

அவ்வியக்குநரே மறு ஆண்டு எடுத்த தியாக பூமி எப்படியோ தப்பியது. ஆங்கில அரசு 1940-இல் தடை செய்த படம் அது. கல்கி அக்கதையை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் புயல் நாளில் தம் இடத்திற் புகல் கொடுத்து, அதனால் ஊராரால் விலக்கப்படும் சம்பு சாஸ்திரி வேடத்தில் வருபவர் பாபநாசம் சிவன். கீர்த்தனை இயற்றிப் பாடியவர். நாடகக் கம்பெனிப் பயிற்சி இல்லாதவர். நடித்த படங்களும் சிலவே. படக்கருவியின் எதிரே கைகளை எங்கே வைப்பது என்று அறியாத ஒரு கூச்சம் அவரிடம் தென்படுகிறது. பயின்ற நடிகராயிருந்தால் அதை மறைத்திருப்பார். ஊரார் முன்னிலையில் தலைகுனிந்து நிற்கும் ஏழை அந்தணருக்கு அக்கூச்சமே மெய்ப்பாடாக அமைந்துவிட்டது.